பூமாக்களின் மைதானம்

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் என்றால் நம் இல்லங்களில் சாப்பாட்டுக்கும் அதனையடுத்த சிறு உறக்கத்துக்கும் உரிய வேளை. மெக்ஸிகோ நகரத்தின் தென்பகுதியில் அதே வேளையில் பல்லாயிரக்கணக்கான மக்கள், தலையில் தொப்பியும் மேனியில் நீலமும் பொன்னிறமும் கலந்த சட்டையுமாக, கூரையே இல்லாத ஒரு மைதானத்தை நோக்கி நடந்து போகிறார்கள். தாத்தா கையைப் பிடித்த பேரன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாய், கல்லூரி மாணவர், பஸ் ஓட்டுநர், காய்கறிக் கடைக்காரர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பந்தாட்டம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரத்தில், உச்சி வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடுவதென்பது வேடிக்கையான காரியம் அன்று. வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் இடைவேளைக்கு முன்பே மூச்சு வாங்குவதைக் கண்டு உள்ளூர் ரஸிகர்கள் மகிழ்வார்கள். நெடுங்காலமாக இந்த நேரத்தை அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பதில் இந்தக் கணக்கும் கலந்திருக்கத்தான் வேண்டும்.

நம் ரயில்வே பாஸ் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. ஆகவே நூல்களும் படங்களும் திரைக்காட்சிகளும் காட்டிய வழியிலேயே நாம் அந்த மைதானத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. நேரில் செல்பவர்களுக்கோ வழி எளிது. சுரங்க ரயிலின் மூன்றாம் பாதை தெற்கே முடியும் நிலையத்தின் பெயரே 'பல்கலைக்கழகம்' என்பதுதான். இன்சுர்ஹெந்தெஸ் என்னும் நெடுஞ்சாலை நகரத்தை வடக்கு தெற்காக ஊடுருவி வந்து, இங்கே ஒரு பக்கம் கல்லூரிக் கட்டடங்களையும் மறுபக்கம் மைதானத்தையும் விட்டுவிட்டு மேலே செல்கிறது.

காலடியில் இருக்கும் நிலம் கருங்கல்லாய் உறைந்த நெருப்பு. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் ஷிட்லே என்னும் சிறிய எரிமலை வெடித்துக் கக்கிய குழம்பு இந்தப் பிரதேசம் முழுவதையும் மூடியது. அருகிலிருந்த குய்குயில்கோ என்னும் பழைய ஊரும் அதன் வட்டமான கோயில் மேடையும் அந்தக் குழம்புக்கடியில் அகப்பட்டன. பிறகு பல நூற்றாண்டுகள் பாம்பும் கள்ளியும் தவிர வேறு குடியில்லாமல் கிடந்த பாறைவெளி அது. 1950-ஆம் ஆண்டுவாக்கில் மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகம், நகரின் நடுவே பழைய கட்டடங்களில் நெருக்கியடித்துக் கொண்டிருந்த தன் கல்லூரிகளை ஒருசேரக் கொண்டுவர இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. ஹுவான் ஓ'கோர்மன் வண்ணக் கற்களால் நான்கு சுவரும் நிறைத்த நூல்நிலையம் இங்கேதான் இருக்கிறது. 2007-இல் யுனெஸ்கோ இந்த வளாகத்தின் மையப் பகுதியை, மைதானத்தையும் சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு கால்பந்தாட்டக் குழுவின் சொந்த ஆடுகளம் இப்படிப்பட்ட பட்டியலில் இருப்பது அபூர்வம்.

அந்த மைதானத்தைக் கட்டிய விதத்தைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். அகஸ்தோ பெரெஸ் பலாசியோஸ் என்னும் சிற்பியும் அவருடைய இரு கூட்டாளிகளும், தூண்களை எழுப்பி அதன்மேல் ஆசனங்களை ஏற்றும் வழக்கமான முறையை விட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஏரி வெட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? தோண்டிய மண்ணையே கரையாகப் போடுவார்கள் அல்லவா? அதே யுக்திதான். நடுவில் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைச் சுற்றிலும் சரிவாகக் குவித்து இறுக்கி, உட்பக்கம் ஆசனப் படிகளை அமைத்து, வெளிப்பக்கம் எரிமலைக் கல்லைப் பதித்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் கட்டடம் என்றே தோன்றாது; அணைந்துபோன எரிமலையின் வாய் என்றே தோன்றும். ஜனங்கள் வெளியிலிருந்து சுரங்க வழிகளாகக் கரையைக் குடைந்து உள்ளே போகிறார்கள். 1952 நவம்பர் 20-ஆம் தேதி திறப்பு விழா நடந்தபோது சுமார் 70,000 பேர் அமரும்படி இருந்தது. இந்தச் சுரங்க வழிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவற்றைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

சாலையைப் பார்த்த கிழக்கு முகப்பில் டீகோ ரிவேராவின் சிற்ப ஓவியம் இருக்கிறது. தூரிகையும் சாயமும் தொடாத ஓவியம் அது. இயற்கையாகவே நிறமுடைய கற்களைப் புடைப்பாக அடுக்கிச் செய்தது. தந்தையும் தாயும் தங்கள் குழந்தைக்குச் சமாதானப் புறாவை அளிக்கிறார்கள். இரு பக்கமும் ஆணும் பெண்ணுமாக விளையாட்டு வீரர் இருவர். மேலே பல்கலைக்கழக முத்திரையிலுள்ள கழுகும் காண்டர் பறவையும் சிறகு விரித்திருக்கின்றன. கீழே இறகு முளைத்த நாகம். மைதானத்தின் புறச்சுவர் முழுவதையும் இப்படி நிரப்பிவிட ரிவேரா எண்ணியிருந்தார். அந்த ஒரு முகப்போடு வேலை நின்றது. 1957-இல் அவர் மறைந்தார்.

இனி, இங்கே ஆடுகிறவர்களைப் பற்றி. பூமா என்பது அமெரிக்கக் கண்டத்து மலைச் சிங்கம். பல்கலைக்கழக வீரர்களுக்கு இந்தப் பெயரை 1940-களில் சூட்டியவர் ராபர்ட்டோ மெந்தெஸ் என்னும் பயிற்சியாளர். அவர் பழக்கியது கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம். அக்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பக் கழகத்துக்கும் நடந்த அந்தப் பந்தயமே நகரத்தின் திருவிழா. கால்பந்து அதற்குத் தம்பி முறைதான். 1954-இல் பல்கலைக்கழகம் தன் கால்பந்துக் குழுவைத் தொழில்முறைப் போட்டியின் இரண்டாம் பிரிவில் இறக்கியது. 1962-இல் அது முதற் பிரிவுக்கு ஏறியது. ஆரம்ப ஆண்டுகளில் ஆடியவர்களில் பலர் மெய்யாகவே மாணவர்கள்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. ஒரு நிறுவனம் தன் காரியத்தைச் செய்துகொண்டே ஒரு விளையாட்டுக் குழுவையும் போஷிப்பதை ரயில்வேயில் இருப்பவர்கள் அன்றாடம் காண்கிறோம். ஆட்டம் ஓய்ந்த பின் அவர் டிக்கெட் கவுண்டரிலோ கணக்குப் பிரிவிலோ நமக்கு அடுத்த மேஜையில் அமர்ந்துவிடுவார். ஆனால் நம் ரயில்வே குழு ஜயித்தால் கைதட்டுவதற்கு ரயில்வேக்காரர்களே முழுதாக வருவதில்லை. அங்கேயோ பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்திராதவர்கள்தாம் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நம்மை இந்தக் குழுவின்பால் இழுத்தது முக்கியமாக இந்த விந்தைதான்.

அவர்களுடைய கோஷத்துக்குப் பெயர் 'கோயா'. அதன் பிறப்பைப் பற்றி வழங்கும் கதை சுவையானது. நகரின் நடுவிலிருந்த பழைய உயர்நிலைப் பள்ளிக்கு அருகே, ஸ்பானிய ஓவியர் கோயாவின் பெயரில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்ததாம். வகுப்பிலிருந்து நழுவ நினைத்த மாணவர்கள் 'கோயா' என்று குரல் கொடுத்தால் போதும். கூட்டம் சேர்ந்து கொட்டகைக்குப் புறப்பட்டுவிடும். 'பலீயோ' அதாவது 'பல்குச்சி' என்று செல்லப்பெயர் பெற்ற ஒரு கோஷத் தலைவர் அந்தக் கூட்டத்தை நடத்தினார் என்கிறார்கள். வகுப்புக்கு மட்டம் போடும் சங்கேதச் சொல்லே கல்விச்சாலையின் மரியாதைக்குரிய கோஷமாகிவிட்டதை எண்ணினால் சிரிப்பு வருகிறது. இன்று பட்டம் பெறும் சபையிலும் அது எழுகிறது. பேராசிரியரைப் பாராட்டும் கூட்டத்திலும் எழுகிறது. அஞ்சலிக் கூட்டத்திலும் எழுவதுண்டு. அர்த்தமில்லாத அசைகள் சில, முடிவில் பல்கலைக்கழகம் என்னும் ஒரு சொல், அவ்வளவுதான் அதிலுள்ள விஷயம்.

அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு? மெக்ஸிகோவில் இதை ஒரு கேள்வியாகவே யாரும் கேட்பதில்லை போலும். இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் தொகை மூன்றரை லக்ஷத்தைத் தாண்டுகிறது; சம்பளம் பெயரளவுக்குத்தான். ஏழை வீட்டுப் பிள்ளை வைத்தியராகவும் வக்கீலாகவும் ஆவதற்கு அந்நாட்டில் உள்ள பெரிய வாசல் இதுதான். அதனாலேயே வாசலில் நெரிசலும் அதிகம். நுழைவுத் தேர்வு எழுதுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. மற்ற ஒன்பது பேர்? அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். மகன் தேர்வில் தோற்றுவிட்டான் என்பதற்காகத் தகப்பன் அந்தக் குழுவைக் கைவிடுவதில்லை, மகனும் கைவிடுவதில்லை. 1974-இல் மனுவேல் அந்த்ராதே வரைந்து கொடுத்த பொன்னிறப் பூமாவின் முகம் சட்டையின் நடுவே இருக்கிறது. பட்டமில்லாதவனுக்கும் அது பல்கலைக்கழகச் சின்னம்தான்.

குழுவை நிர்வகிப்பது பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு சங்கம்; லாபத்துக்காக நடத்தும் வியாபாரக் குடும்பம் அன்று. ஆகவே கஜானா எப்போதும் நிறைந்திருப்பதில்லை. பணத்தைக் கொட்டி ஆளை வாங்க இயலாதபோது ஆளைத் தயார் செய்யத்தான் வேண்டும். ஸ்பானிய மொழியில் 'காந்தேரா' என்றால் கல் வெட்டும் குவாரி. இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் அதே சொல்தான். பூமாக்களுக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. எரிமலைப் பாறையை வெட்டியெடுத்த பழைய குவாரியின் பள்ளத்தில்தான் அவர்களுடைய பயிற்சிக் களம் இருக்கிறது.

அந்தக் குவாரியின் பள்ளிக்கூடத்துக்குப் பெருமை தேடித் தந்தவர் ஹூகோ சான்செஸ். 1958-இல் பிறந்தவர்; ஒரு பக்கம் பல் வைத்தியம் படித்துப் பட்டமும் பெற்றார், மறுபக்கம் 1976 முதல் 1981 வரை பூமாக்களுக்குக் கோல் போட்டார். கோல் விழுந்ததும் அந்தரத்தில் குட்டிக்கரணம் போடுவது அவர் வழக்கம். ஜிம்னாஸ்டிக் வீராங்கனையான சகோதரியிடம் கற்ற வித்தை. 1980-81-ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதிப் பந்தயத்தில் குரூஸ் அசூல் குழுவை 4-1 என்று வீழ்த்திவிட்டு ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். அந்நாட்டில் அதிகக் கோல் போட்டவர் என்ற பரிசை ஐந்து முறை வென்றார். 1989-90-இல் அவர் போட்ட 38 கோல்களும் பந்தை நிறுத்திக்கொள்ளாமல் ஒரே தொடுதலில் போட்டவை. பல் வைத்தியராகத் தொழில் நடத்தியிருந்தால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னர் அவரே பயிற்சியாளராகத் திரும்பி வந்து, 2004-இல் அடுத்தடுத்து இரு போட்டிகளிலும் பூமாக்களைச் சாம்பியனாக்கினார்.

1977-இல் வென்ற முதல் சாம்பியன் பட்டத்தின் இறுதிப் பந்தயமும் சொல்லத் தக்கது. எதிரே நின்றதும் ஒரு பல்கலைக்கழகக் குழுதான், குவாதலஹாரா பல்கலைக்கழகத்தினர். பிரேஸிலிலிருந்து வந்த கபின்யோ போட்ட ஒரே கோல் வெற்றியைத் தீர்மானித்தது. மெக்ஸிகோவின் முதற் பிரிவில் மொத்தம் 312 கோல் போட்டு முதலிடத்தில் இருப்பவர் அவர்.

பூமாக்களுக்கு ஒரு பகையாளி உண்டு, பெயர் அமெரிக்கா. தேசத்தைச் சொல்லவில்லை, அது அதே நகரத்துக் குழு. 1959-இல் தொலைக்காட்சி முதலாளி ஒருவர் அதனை வாங்கினார். அதன் ஆடுகளமான அஸ்தேக்கா மைதானமும் நகரின் தென்பகுதியில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பணம், மறு பக்கம் படிப்பு என்று பூமா ரஸிகர்கள் பெருமை பேசுவார்கள். அந்தப் பேச்சை நாம் முழுதும் ஒப்பவேண்டியதில்லை. பூமாக்களும் சம்பளம் வாங்கித்தான் ஆடுகிறார்கள், சட்டையில் விளம்பரமும் இருக்கத்தான் செய்கிறது. என்றாலும் பகை மெய்யானது.

அந்தப் பகையின் உச்சத்தில்தான் 1985 மே 26-ஆம் தேதி வந்தது. சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் பந்தயத்தின் இரண்டாவது ஆட்டம் பல்கலைக்கழக மைதானத்தில். மைதானம் கொள்ளக்கூடியதைவிட அதிகமான ஜனங்கள் வந்து குவிந்தார்கள். முன்னே கரையைக் குடைந்த சுரங்க வழிகளைப் பற்றிச் சொன்னோமே, அவற்றில் 29-ஆம் எண் வழியில் நெரிசல் ஏற்பட்டது. உள்ளே இடமில்லை என்பது பின்னாலிருப்பவருக்குத் தெரியாது, அவர் தள்ளுகிறார். முன்னாலிருப்பவர் திரும்பிவர வழியில்லை. 2017-இல் மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்துப் பாலத்தில் நடந்ததை அறிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விவரிக்கத் தேவையில்லை. குறைந்தது எட்டு உயிர்கள் போயின. சிறு பிள்ளைகளும் அதில் உண்டு. ஆட்டமோ நிற்கவில்லை. கோல் இல்லாமல் சமமாக முடிந்து, மூன்றாவது ஆட்டம் கெரேத்தாரோ நகரில் நடந்து, அமெரிக்கா குழு 3-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் நடுவர் செய்தது நியாயமா என்று பூமா ரஸிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் பாதி நேரத்தையாவது சுரங்க வழிக்குள் போய்த் திரும்பாதவர்களுக்கு ஒதுக்கலாம் என்பது நம் எண்ணம்.

பழி தீர்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1991 ஜூன் 22-ஆம் தேதி, அதே மைதானம், அதே எதிரி. முதல் ஆட்டத்தில் 3-2 என்று பின்தங்கியிருந்த பூமாக்களுக்கு ஒரு கோல் போதும். பிரேஸிலில் பிறந்து, 1970-களிலேயே இந்தக் குழுவில் சேர்ந்திருந்த ரிக்கார்டோ ஃபெரெட்டி, எட்டத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் இடிபோல் பாய்ந்தது. 1-0. வெளிமைதானத்தில் போட்ட கோல்களின் கணக்கில் பட்டம் பூமாக்களுக்கு. அந்த ஆட்டத்தோடு ஃபெரெட்டி ஆடுவதை நிறுத்திக்கொண்டார். பின்னாளில் பயிற்சியாளராக 2009-இல் இன்னொரு பட்டமும் வாங்கித் தந்தார்.

மைதானத்தின் கதையில் பந்தாட்டத்தைவிடக் கனமான ஒரு பகுதி உண்டு. 1968-இல் மெக்ஸிகோ மாணவர்கள் அரசாங்கத்தின் அடக்குமுறையை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹவியேர் பாரோஸ் சியெராவே ஆகஸ்ட் முதல் தேதி மாணவர்களுக்கு முன்னே இன்சுர்ஹெந்தெஸ் சாலையில் ஊர்வலமாக நடந்தார். செப்டம்பர் 18-ஆம் தேதி ராணுவம் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்து அதனைக் கைப்பற்றியது. அக்டோபர் 2-ஆம் தேதி மாலை, நகரின் வடக்கேயுள்ள த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்கள்மீதும் பொதுமக்கள்மீதும் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மாண்டவர் எத்தனை பேர் என்பது இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. சரியாகப் பத்தே நாள் கழித்து, அக்டோபர் 12-ஆம் தேதி, மாணவர்களுடைய அதே மைதானத்தில் ஒலிம்பிக் விளையாட்டு ஆரம்ப விழா! என்ரிக்கேத்தா பாசிலியோ என்னும் ஓட்ட வீராங்கனை படிகளில் ஏறி ஜோதியை ஏற்றினார். ஒலிம்பிக் வரலாற்றில் அதனை ஏற்றிய முதல் பெண் அவரே. வெளியே ரிவேராவின் கல் புறா குழந்தையை நோக்கி இருந்தது.

இந்தச் செய்தி நம் தலைநகரையும் தொட்டது. டில்லியில் 1962 முதல் மெக்ஸிகோவின் தூதராக இருந்தவர் கவிஞர் ஒக்தாவியோ பாஸ். பிற்காலத்தில், 1990-இல், நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் தாமும் படித்தவர். துப்பாக்கிப் பிரயோகச் செய்தி கேட்டதும் எதிர்ப்புத் தெரிவித்துத் தூதர் பதவியைத் துறந்தார். டில்லியில் வசிக்கும் நம் சங்கத்தினர் ராஜதந்திரிகளின் மாளிகைகள் பலவற்றைத் தினமும் கடந்து போகிறார்கள். மனச்சாட்சிக்காக ஒருவர் காலி செய்துவிட்டுப் போன மாளிகையும் அந்நகரில் இருந்தது என்று அறிந்துகொள்வது நல்லது.

அந்த ஒலிம்பிக்கில் இங்கேதான் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். இங்கேதான் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பரிசு மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கரத்தை உயர்த்தினார்கள். இன்று பூமா ரஸிகர்களும் முஷ்டியை உயர்த்தித்தான் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கீதத்தைப் பாடுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கற்பிக்க நாம் துணியவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் உயரும் கையைப் பார்க்கும்போது நமக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

2017 செப்டம்பரில் பெரும் பூகம்பம் நகரத்தை உலுக்கியபோது, மைதானத்தைச் சுற்றி அரிசி மூட்டைகளும் தண்ணீர்க் குப்பிகளும் மருந்துப் பெட்டிகளும் மலையாகக் குவிந்தன. மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் வரிசையாக நின்று கைமாற்றி லாரிகளில் ஏற்றினார்கள். 2021-இல் கொரோனாத் தடுப்பூசி போடும் இடங்களில் அதுவும் ஒன்றாயிற்று.

ஏழு சாம்பியன் பட்டங்களில் கடைசியானது 2011-இல் வந்தது. அதன்பின் இறுதிவரை போய்த் தோற்ற ஆண்டுகள் உண்டு. நடுவே பிரபலமான வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பெருஞ் சம்பளத்தில் அழைத்து வந்து ஏமாந்ததும் உண்டு. அந்தப் பரிசோதனையைக் குவாரியின் பழைய நண்பர்கள் அப்போதே ரஸிக்கவில்லை. 2017 முதல் பெண்கள் குழுவும் இதே நீலத்திலும் பொன்னிறத்திலும் ஆடிவருகிறது.

ஆட்டம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போவதில்லை. ஜயமோ தோல்வியோ, ஆட்டக்காரர்கள் ரஸிகர்கள் இருக்கும் பக்கமாக வந்து நிற்கிறார்கள். முஷ்டிகள் உயர்கின்றன, கீதம் முடிந்ததும் மேல் படியிலிருந்து யாரோ ஒருவர் 'கோயா' என்று ஆரம்பிக்கிறார். பிறகு சுரங்க வழிகளாகக் கூட்டம் மெல்ல வெளியேறி, ரிவேராவின் கற்களுக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சுரங்க ரயிலுக்கும் மறு பாதி பஸ் நிறுத்தத்துக்கும் போகிறது.